ஒலி டிரைவர் எங்கே இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடுவது என் தொழில். இப்போது பாட்டெல்லாம் லேப்டாப்பிலிருந்துதான். ஒலி டிரைவர், அதாவது கணினியின் ஒலிக் கருவியை இயக்குகிற மென்பொருள், முழுக்கக் கெர்னல் என்கிற இயங்குதள மையப் பகுதிக்குள் இருந்தால்தான் தாமதம் வராது என்று கணினி படித்த பிள்ளைகள் அடித்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒலியை விநாடிக்கு 48,000 சாம்பிளாக (ஒலி அளவின் சிறு பதிவாக) எடுத்து, பஃபர் என்கிற தற்காலிகச் சேமிப்பில் 256 சேர்த்து அனுப்பினால் தாமதம் 5 மில்லிவிநாடி சொச்சம். அதற்குள் ஒலி காற்றில் 2 மீட்டர்கூடப் போகாது. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், அடிக்கிற எதிரொலி இதைவிட மோசம். ஆனால் கெர்னலுக்குள் டிரைவர் தவறினால் மொத்தக் கணினியும் படுத்துவிடும். மறுபடி பூட் ஆகும்வரை முகூர்த்தம் காத்திருக்குமா?

2007-இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவே ஒலிக் கலவையை, அதாவது பல செயலிகளின் ஒலியை ஒன்றாகக் கலக்கும் வேலையை, கெர்னலிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்திலும் அல்சா என்கிற ஒலி டிரைவர் கெர்னலுக்கு உள்ளே, கலப்பது வெளியே பைப்வயர் என்கிற மென்பொருளில். சரி, இன்டரப்டையும் (கருவி கணினியைக் கூப்பிடும் சைகை) டிஎம்ஏவையும் (பிராசஸர் தலையிடாமல் கருவிக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு போவது) கெர்னல் பார்க்கட்டும். மற்றதை வெளியே வையுங்கள்.

ஒரு மைக் செட்காரர்,
காரைக்குடி