‘ஐ டவுட் இட்’ என்று எழுதிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, சிறுபோகம் விதைத்தாயிற்று. நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளிக்கிடு.

வைகாசியில் வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டிருந்தேன். 9 நாள் கழித்து ‘ஐ டவுட் இட்’ என்று மூன்று சொல் போட்டிருந்தாய். அம்மா போனை என்னிடம் நீட்டி, “பிள்ளை என்னவாம்?” என்றா. “சந்தேகமாம். வந்தாலும் வருவாள்” என்றேன். அன்று பின்னேரமே உன் அறையைக் கூட்டி, பாயை வெயிலில் போட்டுவிட்டா.

30 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். அந்த மூன்று சொல்லுக்கு அது பொருள் இல்லை என்று எனக்குத் தெரியும். ‘ஐ டவுட் இட்’ என்றால் மனம் ‘இல்லை’ என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. முகத்துக்கு நேரே ‘நோ’ சொல்லாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். பாதிக்குப் பாதி என்றால் ‘ஐ ஆம் நொட் ஷுவர்’ என்று எழுதியிருப்பாய். நாங்கள்தான் சந்தேகம் என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். “மழை வருமோ எண்டு சந்தேகமாக் கிடக்கு” என்று ஊரில் ஒருவர் சொன்னால், காயப்போட்ட நெல்லை அள்ள ஓடுவோம். அதையே ‘ஐ டவுட் இட் வில் ரெய்ன்’ என்றால் மழை வராது, நெல் கிடக்கட்டும் என்று அர்த்தம். அந்த இடத்தில் ‘சஸ்பெக்ட்’ வரவேண்டும் என்று எத்தனை வகுப்பில் கத்தியிருப்பேன்.

வகுப்பில் கையை உயர்த்தி ‘சேர், ஐ ஹாவ் எ டவுட்’ என்பாய். இங்கே சரி, அங்கே ‘குவெஸ்ட்சன்’ என்றுதான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நம்பாமல் கேட்கிறாய் என்று நினைப்பார்கள் என்று போன முதல் வருடமே நீ எனக்கு எழுதினாய். அந்தக் கடிதத்தைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினேன். அப்படி எழுதிய பிள்ளைக்கு இப்போது மூன்று சொல்தான் மிஞ்சியிருக்கிறதா? வேலை கடினம் என்று தெரியும். சாப்பாட்டை மட்டும் விடாதே.

அம்மாவுக்கு நான் பொய்ப்பொருள் சொன்னது இது முதல் தடவை இல்லை, பிள்ளை. உனக்கும் சொல்லியிருக்கிறேன். 2009இல் செட்டிகுளம் முகாமில், கூடாரத்து வாசலில் இருந்துகொண்டு “அண்ணா வருவானோ அப்பா?” என்று கேட்டாய். “சந்தேகமே இல்லை” என்றேன். தமிழில் அது சத்தியம் செய்த மாதிரி. ஆங்கிலத்தில் ‘நோ டவுட்’ அவ்வளவு கனமான சொல் இல்லை. இருக்கும், நடக்கும் என்று ஊகத்துக்கும் சொல்வார்கள். உறுதி என்றால் ‘வித்தவுட் எ டவுட்’ என்பார்கள். அன்று என்னிடம் அந்த ஊகம்கூட இருக்கவில்லை. கஞ்சி வாங்கப் போன அண்ணா திரும்பாத அன்றே எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. நீ அழுதுவிடுவாய் என்று பயந்து சொன்னேன். நீ ஒவ்வொரு வைகாசியும் அவன் வரவேண்டும் என்ற நேர்த்திக்குப் பொங்கல் பானை தூக்கினாய். எத்தனை வயதில் நீயாக விளங்கிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாது. விளங்கிய பிறகும் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. அன்று நான் உன்னை அழ விட்டிருக்க வேண்டும். உன்னோடு இருந்து அழுதிருக்க வேண்டும்.

அந்தப் பானையைத் தூக்க மனம் இல்லாமல்தான் வரவில்லை என்றால், அதை எனக்குச் சொல். நேர்த்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். லீவு கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்.

பொங்கலுக்காக முள்ளியவளையில் கடல்நீர் விளக்கு ஏற்ற முன்னர், நீ எழுதியதற்குச் சரியான பொருளை அம்மாவிடம் சொல்லப்போகிறேன். அண்ணாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அதற்கு முதல் ஒருக்கால் போன் எடு. இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் முழித்துத்தான் இருப்பேன். காதை மூடிக்கொண்டு போ.

அப்பா