சின்னத்துக்கு வாய் கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இருண்ட எதிர்காலக் கதைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கண்காணிப்பு, போர், பஞ்சம் எல்லாவற்றையும் விரிவாக எழுதியவர், பெண்கள் விஷயத்துக்கு வந்ததும் 'கருவுற்ற பெண்ணே இக்கதைகளில் நம்பிக்கையின் சின்னம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அந்த ஒரு வரியோடுதான் சண்டை.

சின்னம் என்று ஆக்கிவிட்டால் அவளிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அவர் பாராட்டிய 'சில்ட்ரன் ஆஃப் மென்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 2006இல் அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்தது, எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு வருடமாக உலகில் குழந்தையே பிறக்காத காலத்தில் கர்ப்பமாக இருக்கும் கீ என்ற அகதிப் பெண் மாட்டுத் தொழுவத்தில் நின்று தன் வயிற்றைக் காட்டுகிறாள், அதற்கப்புறம் அவளை யார் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் படம். அவளும் நடுநடுவே கிண்டலாகப் பேசுகிறாள், சரி, ஆனால் கதை முழுக்க நாம் நிற்பது தியோ என்ற ஆணின் பக்கம், அவனுடைய விரக்தி தீர அவள் பிள்ளை பெற வேண்டியிருக்கிறது.

இதைவிட உறுத்துவது வேறொன்று. பி.டி. ஜேம்ஸ் 1992இல் எழுதிய மூல நாவலில் வீரியம் இழப்பது ஆண்களின் விந்து. படமாக வரும்போது அது பெண்களின் மலட்டுத்தன்மையாக மாறிவிட்டது! ஏன் மாற்றினார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை, ஆனால் பார்த்த யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

மார்கரெட் அட்வுட் 1985இலேயே இந்த இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலின் கிலியட் நாட்டில் ஆணுக்குக் குறை இருக்கலாம் என்பதையே சட்டம் ஒத்துக்கொள்ளாது. பெரிய அதிகாரிகளின் வீடுகளுக்குப் பிள்ளை பெறவென்றே அனுப்பப்படும் பெண் மூன்று வீடுகளில் கருத்தரிக்காவிட்டால் அவள் கதி அதோகதி. வீட்டு எஜமானிக்கோ தன் கணவன் மேல்தான் சந்தேகம், அதனால் ரகசியமாக டிரைவரை ஏற்பாடு செய்கிறாள். அந்தப் பெண்கள் உடுத்தும் சிவப்பு அங்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு இந்த டிரைவர்தான் அந்த நாவலின் உச்சம்.

இதெல்லாம் கற்பனை என்று தள்ளவும் முடியாது. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு 1966இல், சில விலக்குகள் போக, கருக்கலைப்பைத் தடை செய்தது, பிள்ளையில்லாதவர்களுக்குத் தனி வரி போட்டது, பின்னாளில் தொழிற்சாலைகளிலேயே பெண்களைக் கர்ப்பப் பரிசோதனைக்கு வரிசையில் நிறுத்தியது. ஒளிந்து செய்துகொண்ட கருக்கலைப்பில் ஏறக்குறைய 10,000 பெண்கள் இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்த கையோடு அந்தத் தடையும் போனது. அங்கேயும் பெண் வயிறு தேசத்தின் எதிர்காலம் என்றுதான் சொன்னார்கள்.

கட்டுரையில் விட்டுப்போன ஒரு கதை, ஆக்டேவியா பட்லர் 1984இல் எழுதிய 'பிளட்சைல்ட்'. வேற்றுக் கிரகம், அங்கே வேற்று உயிரினத்தின் முட்டைகளைச் சுமக்க வேண்டியவன் கான் என்ற பையன். முட்டையிலிருந்து வந்த புழுக்களை ஒருவன் உடம்பைக் கிழித்து எடுப்பதைக் கண்ணால் பார்த்தபின் அவன் நடுங்குகிறான், துப்பாக்கியைப் பிடிக்கிறான், 'எங்களைக் கேட்டீர்களா' என்கிற ரீதியில் வாதாடுகிறான், கடைசியில்தான் சம்மதிக்கிறான். சுமக்கிறவனுக்கு இவ்வளவு பேச்சு கொடுத்த கதையைப் படித்துவிட்டு யாரும் அவனை நம்பிக்கையின் சின்னம் என்று எழுத மாட்டார்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பட்லருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி