டிசம்பர் வேண்டாம், பிப்ரவரியில் போவோம்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்காருகிற நேரமெல்லாம் மழை, கரண்டு இல்லை, இல்லையென்றால் யாராவது கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்கிறார்கள். இன்றைக்கு மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, சாயா ஒன்று போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் தேதி. டிசம்பர் 23 கிளம்பி 26 திரும்பலாம் என்ற உன் திட்டத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். ராமேஸ்வரம் என்றதும் அவளுக்குச் சந்தோஷம்தான். தனுஷ்கோடி என்று வந்த இடத்தில் முகம் மாறிவிட்டது. "ரெண்டு பக்கமும் கடலாம், அதுவும் அந்த வாரத்திலயா" என்று ஒரே வரிதான் சொன்னாள். அவள் குளச்சல்காரி என்பது உனக்குத் தெரியும். 2004 சுனாமிக்கு அப்புறம் ஒவ்வொரு டிசம்பர் 26-ம் அவள் ஊரில் கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி, அன்றைக்கு அவளை வேறெங்கும் கூட்டிக்கொண்டு போக முடியாது, நான் கேட்கவும் மாட்டேன். மணக்குடிப் பாலம் உடைந்து கிடந்ததை நீயும் நானும் சேர்ந்து போய்ப் பார்த்தோமே, அவ்வளவு கனமான கான்கிரீட்டை அலை தூக்கிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வீடு வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

தனுஷ்கோடி அழிந்ததும் அதே வாரம்தான், 1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனை எட்டும் முன்னே அலையில் போய்விட்டது, அதில் மட்டும் நூறு பேருக்கு மேல். ஆகவே டிசம்பரை விட்டுவிடு. பயம் மட்டுமே காரணம் என்று நினைக்காதே. அந்த நேரம் வாடைக்காற்று, மழை, புயல் சின்னம் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும், லீவுக் கூட்டம் வேறு. பிப்ரவரி என்றால் வெயிலும் ஏறியிருக்காது, கோதண்டராமர் கோவில் பக்கத்துச் சேற்றுத் தண்ணீரில் பூநாரை நிற்கிற காலமும் அதுதான். ஏப்ரல், மே யோசனையும் வேண்டாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை அந்தக் கரையில் விசைப்படகுகள் போகாது, நீ ஆசைப்படுகிற மீன் ஒழுங்காகக் கிடைக்காது. (நம்ம குளச்சல் பக்கம் தடை ஜூன், ஜூலையில். ஒரே மாவட்டத்தில் கிழக்குக் கரைச் சின்னமுட்டத்துக்கு ஒரு கணக்கு, மேற்குக் கரைக் குளச்சலுக்கு ஒரு கணக்கு, அதைச் சொன்னால் உன் சென்னைக்காரர்கள் நம்ப மாட்டார்கள்.)

அடுத்தது, ஒரே நாளில் முடிக்கிற உன் பழைய புத்தி. காலையில் 22 தீர்த்தம், மதியம் சாப்பாடு, சாயங்காலம் தனுஷ்கோடி தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனையில் போட்டோ, ராத்திரி ரயில் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நீ வராமலே இருக்கலாம். குறைந்தது இரண்டு ராத்திரி தங்க வேண்டும், தனுஷ்கோடிக்கு ஒரு முழுக் காலைப்பொழுது தனியாக வேண்டும். சாயங்காலம் போனால் இருட்டும் முன்னே போலீஸ்காரர் விசிலடித்து விரட்டிவிடுவார், தங்கவும் அங்கே இடம் கிடையாது.

95-ல் நாம் போனது நினைவிருக்கிறதா? ரோடு ஏது அப்போது. முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்தது, அதற்கப்புறம் அந்த வேன், டயர் பாதி மணலில் பாதி தண்ணீரில். நடுவழியில் சிக்கி, எல்லோரும் இறங்கித் தள்ளினோம், உன் செருப்பில் ஒன்றை மண் விழுங்கிவிட்டது, மீதி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நாள் முழுக்க நடந்தாய். எனக்கு மறக்காமல் இருப்பது அந்த அம்மா. குடிசைக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்கு மணலைத் தோண்டி வைத்திருந்தார்கள், அடியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டிருந்தது. சிரட்டையால் மண் கலங்காமல் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றி, நமக்கும் ஒரு சிரட்டை தந்தார்கள். நூறு அடி தள்ளிப் போனால் இந்தப் பக்கமும் உப்பு, அந்தப் பக்கமும் உப்பு. அந்தத் தண்ணீரில் உப்பு துளிகூட இல்லை. நீ இரண்டாவது சிரட்டை கேட்டாய், நான் உன்னைக் கிள்ளினேன்.

இப்போது 2017-லிருந்து முனை வரைக்கும் நல்ல ரோடு, டவுன் பஸ்ஸே போகிறது. போன வருஷம் ஆபீஸ் ஆட்களோடு அவசரமாக ஒரு நடை போய்வந்தேன். இடிந்த சர்ச்சுக்கு முன்னால் சங்கு, பாசி மாலைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்களும் பிழைக்க வேண்டுமே, ஆனால் சுவரைப் பார்க்கக் கடைகளுக்குப் பின்னால் போக வேண்டும். போய்க் கையை வைத்துப் பார், துளைதுளையாக இருக்கும், பவளக்கல். அந்தக் காலத்தில் அதை வெட்டித்தான் வீடும் கட்டினார்கள், சுண்ணாம்பும் எரித்தார்கள். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் கரைக்குச் சுவர் மாதிரி நின்றவை, பவளத்தை வெட்டி வெட்டி அதில் இரண்டு கடலுக்கு அடியிலேயே போய்விட்டன. இங்கே நாம் கோடிக்கணக்கில் செலவு செய்து கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போடுகிறோம்.

முனையில் நின்றால் இடது பக்கம் பெண்கடல், வலது பக்கம் ஆண்கடல் என்பார்கள். போன தடவை இடது பக்கம் குளம் மாதிரி கிடந்தது, வலது பக்கம் நம்ம ஊர்க் கடல் மாதிரியே உருட்டிக்கொண்டு வந்தது. வலையைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "வாடை அடிக்கட்டும் தம்பி, அப்ப வந்து இது பொம்பளையான்னு பாருங்க" என்றார். 64-ல் புயல் வந்ததும் வாடை மாசத்தில்தானே. எங்கே நின்றாலும் தண்ணீரில் மட்டும் இறங்காதே, சுழல் இழுக்கும். உனக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்கும் தெரியும், பேசாமல் கரையில் நில்.

ரயில் விஷயம். நீ சென்னையில் ஏறுகிற ராமேஸ்வரம் வண்டியை இன்னமும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அப்புறம் கொழும்புக்கு மறுபடி ரயில் என்று இருந்த காலத்துப் பெயர். எங்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ராத்திரி வண்டி இருக்கிறது. ஒரே குறை, பாம்பன் பாலத்தை இருட்டில் தாண்டிவிடும். அதனால் திரும்பும்போது பகலில் மதுரை பாசஞ்சரில் ஏறுவோம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில் நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. பக்கத்தில் 1914-ன் பழைய பாலம், 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. அதன் நடுப்பகுதியை ஆட்கள் கையால் சுற்றித்தான் இரண்டாகப் பிரித்துத் தூக்கினார்கள், 64 புயலில் கர்டர்கள் முக்கால்வாசிக்கு மேல் போன பிறகு 46 நாளில் சரிசெய்து மறுபடி ரயில் விட்டார் ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர். புதியதையும், பழையதில் மிச்சம் இருப்பதையும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜன்னல் எனக்கு, 95-ல் நீ எடுத்துக்கொண்டாய்.

கோவிலுக்கு மாற்று உடுப்பு எடுத்து வா, 22 கிணற்றுத் தண்ணீரையும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள், ஈரத்தோடு சாமி பார்க்க விடமாட்டார்கள். தூண் 1212 என்கிறார்கள், எண்ண ஆரம்பிக்காதே. தங்குவதற்கு நான் பார்க்கிறேன். போன தடவை ஒரு லாட்ஜில் குழாயைத் திறந்தால் சாயா நிறத்தில் தண்ணீர், வாடகை மட்டும் நட்சத்திர ஓட்டல் கணக்கு. அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டேன்.

வீட்டில் பிப்ரவரிக்குச் சரி சொல்லிவிட்டாள், ஒரு நிபந்தனையோடு, அரிச்சல்முனைக்கு வருவாள், வண்டியை விட்டு இறங்குவாளா என்பதை அங்கே போய்ச் சொல்வாளாம். டிக்கெட் 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், அதற்குள் பிப்ரவரியில் எந்த வாரம் என்று உன் வீட்டில் கேட்டு எழுது. அப்புறம், உனக்கு நேந்திரம் சிப்ஸ் கொண்டு வரவா, மட்டிப்பழமா? ரசவடை கேட்காதே, ராமநாதபுரம் தாண்டுவதற்குள் ஊசிப்போகும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்