வெண்டைக்காய் நுனி ஒடிவது போல

அன்புள்ள அம்மிணி,

உன் ரைஃபிளுக்கு எந்த டிரிகர் வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். துப்பாக்கிப் பேச்சை எடுத்தாலே அவள் முகம் மாறிவிடும், உனக்குத் தெரியும். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. இந்த விஷயத்தில் இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போனில் சொல்ல வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நீ ரைஃபிள் வாங்கியது எனக்கு ஆச்சரியமில்லை. பிரெய்ரி டாக் என்கிற புல்வெளி அணில் தோண்டிய வளையில் கால் மாட்டி முறிந்த குதிரைக்குக் கடைசி ஊசி போட்டவள் நீ. அந்தப் பண்ணைக்காரர் தன் மேய்ச்சல் நிலத்தில் வந்து அவற்றைச் சுடச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இங்கே பென்சில்வேனியாவில் சோயா வயல் ஓரமாக என்னோடு உட்கார்ந்து கிரவுண்ட்ஹாக் என்கிற வளை தோண்டும் பிராணிக்குக் காத்திருந்து வளர்ந்தவள்தானே நீ. 22-250 தோட்டா அளவு நல்ல தேர்வு. மூன்றரை கிராம் தோட்டா விநாடிக்கு 1100 மீட்டர் வேகத்தில் போகும். காற்று மட்டும்தான் அதை ஏமாற்றும். சவுத் டகோட்டாவில் காற்றுக்கா பஞ்சம்!

நீ வாங்கிய பழைய ரெமிங்டன் 700 ரைஃபிளில் டிரிகர் இழுக்கக் கனமாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றாய். அதுவும் சரி. எட்டு அவுன்ஸ் வரை இறக்கக்கூடிய டிரிகர் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அங்கேதான் எனக்கு மனசு திக்கென்றது. எட்டு அவுன்ஸ் என்றால் 230 கிராம்கூட இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரின் எடை. குளிரில் விறைத்த விரலுக்கு அது தொட்டதே தெரியாது.

கனம் குறைய வேண்டும் என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். உன் ரைஃபிள் ஸ்கோப்போடு நாலு கிலோவைத் தாண்டும் என்று வை. டிரிகரை இழுக்க இரண்டரை கிலோ பலம் வேண்டுமென்றால், ரைஃபிளின் எடையில் பாதிக்கு மேற்பட்ட விசையை ஒரே விரலால் அதற்குக் கொடுக்கிறாய். குழல் நகராமல் என்ன செய்யும்? முந்நூறு கெஜத்தில் நிற்கும் பிரெய்ரி டாக்கின் அகலம் உன் உள்ளங்கை அளவுதான். இம்மி நகர்ந்தாலும் குண்டு விலகிப் போகும், இல்லையென்றால் அதன் இடுப்பில் படும். இடுப்பில் பட்டது வளைக்குள் ஊர்ந்து போய்ச் சாகும். அதை நான் பார்த்திருக்கிறேன், மறுபடி பார்க்க விரும்பவில்லை. நல்ல டிரிகர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான். ஒரு உயிரை எடுப்பது என்று முடிவு செய்தால், அதற்குத் தெரியாமலே போய்விட வேண்டும்.

ஆனால் எடையைவிடப் பெரியது அது எப்படி விடுகிறது என்பது. அம்மா சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்பாளே, நினைவிருக்கிறதா? பிஞ்சு பட்டென்று ஒடியும். முற்றியது வளைந்து, இழுபட்டு, நார் நாராகத்தான் பிரியும். டிரிகரும் அப்படித்தான். மோசமான டிரிகர் விரலுக்கடியில் நகர்ந்துகொண்டே இருக்கும், எப்போது விடும் என்று தெரியாது. நீ அவசரப்பட்டு வெடுக்கென்று இழுப்பாய். நல்ல டிரிகர் அசையாமல் நின்று, ஒரு கணத்தில் பட்டென்று விடும். விட்ட பிறகும் விரல் பின்னால் ஓடக் கூடாது. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தால் உடம்பு ஒரு குலுக்குக் குலுக்குமே, அப்படி ஆகிவிடும். ஒடிவது சுத்தமாக இருந்தால் இரண்டரை பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், உன் வேலைக்கு ஏராளம். மூன்று பவுண்டு வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி அந்தச் சொல்லாத விஷயம்.

2000 ஜூலை. உனக்கு ஒன்பது வயது. அப்போது என்னிடம் இருந்தது வேறு ஒரு ரைஃபிள். பெயர் வேண்டாம், தப்பு அதன் மேல் இல்லை. ரைஃபிளுக்குள்ளே சியர் என்று ஒரு சின்ன எஃகுத் துண்டு, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தச் சியரைத் தாங்கி நிற்பது டிரிகரின் விளிம்பு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் அரை மில்லிமீட்டர் பக்கம்தான். பீளமேட்டில் டூல் ரூமில் பதினோரு வருஷம் எஃகை இழைத்து மெருகேற்றும் லேப்பிங் செய்த கை இது, எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று நினைத்தேன். விளிம்பை மெருகேற்றினேன், ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன், தொடும் அளவைக் குறைக்கும் ஸ்க்ரூவையும் திருகினேன். அற்புதமாக இருந்தது. மூன்று வாரம் ஒரு குண்டு தவறவில்லை.

அன்று சாயந்திரம் வயலில் ஒரு கிரவுண்ட்ஹாக் தலை தூக்கியது. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை நான் அவசரமாக முன்னால் தள்ளி அறைந்து மூடினேன். மூடிய அதிர்ச்சியிலேயே துப்பாக்கி வெடித்தது. என் விரல் டிரிகர் பக்கமே இல்லை. குழல் கீழ்நோக்கி இருந்ததால் நாலடி முன்னால் மண் சிதறியது, அவ்வளவுதான். நீ இடது பக்கம் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தாய். "என்னப்பா, பட்டுச்சா?" என்று கேட்டாய். "இல்ல கண்ணு, தவறிடுச்சு" என்றேன். அந்தக் கோடை முழுக்கத் தோள் வலி என்று சொல்லி உன்னைக் கூட்டிப் போகாமல் இருந்தேனே, தோளில் ஒன்றுமில்லை.

அதே வருஷம் அக்டோபரில் மொன்டானாவில் நடந்ததைப் பின்னால் படித்தேன். ஒரு குடும்பம் வேட்டை முடித்துக் கிளம்பும் நேரம். ரைஃபிளைக் காலி செய்வதற்காகத் தாய் சேஃப்டியை, அதாவது தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டை, விலக்கியிருக்கிறார். துப்பாக்கி வெடித்தது. தோட்டா குதிரை டிரெய்லரைத் துளைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்ற மகனைக் கொன்றது. அவனுக்கும் ஒன்பது வயது. படித்துவிட்டு அன்று ராத்திரி உன் அறை வாசலில் வெகு நேரம் நின்றிருந்தேன்.

அந்தத் தாயின் கையில் இருந்தது ரெமிங்டன் 700. அதனால்தான் உன் ரைஃபிள் எந்த வருஷத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். 700 வந்தது 1962-ல். அதில் இருந்த வாக்கர் டிரிகர் அதற்கும் முந்தியது, 1948-ல் வந்த 721-லேயே இருந்தது. டிரிகருக்கும் சியருக்கும் நடுவே கனெக்டர் என்று ஒரு தனித் துண்டு, ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் ஒட்டி நிற்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் டிரிகரை விட்டு விலகித் திரும்பி வரும். அந்த இடுக்கில் தூசியோ பிசுக்கான எண்ணெயோ புகுந்தால் சரியாகத் திரும்பாது என்பதுதான், ரைஃபிள் தானாக வெடித்தது என்று வழக்குப் போட்டவர்களின் வாதம். கம்பெனி குறை இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் பிற்பாடு ஒரு சமரசத்தில் டிரிகரை இலவசமாக மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தது. அதற்கான கெடு 2020-ல் முடிந்துவிட்டது. வாக்கருக்குப் பதிலாக வந்த எக்ஸ்-மார்க் ப்ரோவையும் 2014 ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். பொருத்தும்போது பசை அதிகமாகிவிட்டதாம்.

உன்னுடையதில் டிரிகரின் முகத்தைத் தடவிப் பார். வரி வரியாக இருந்தால் வாக்கர். வழவழப்பாக இருந்தால் எக்ஸ்-மார்க் ப்ரோவாக இருக்கும். 1982-க்கு முந்தியதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: சேஃப்டியை விலக்கினால்தான் போல்ட்டே திறக்கும். அந்த மாதிரியில் தோட்டாவை எடுக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். எதுவாக இருந்தாலும் புது டிரிகர் வரும்வரை அதில் தோட்டா போடாதே. இதை அப்பாவின் கட்டளையாகவே எடுத்துக்கொள்.

எதை வாங்குவது? ஜூவல் டிரிகர் ஒன்றரை அவுன்ஸ் வரை இறங்கும். மேசைமேல் ரைஃபிளை வைத்து ஒரே ஓட்டையில் ஐந்து குண்டு போடுகிறவர்களுக்கு அது தங்கம். உன் தூசிக் காட்டுக்கு வேண்டாம். டிம்னி 1946-லிருந்து இருக்கிற பெயர், நல்ல எஃகு, ஒன்றரையிலிருந்து நாலு பவுண்டு வரை வைக்கலாம். என்னுடைய இப்போதைய ரைஃபிளில் அதுதான் பத்து வருஷமாக இருக்கிறது. ஆனாலும் உனக்கு நான் சொல்வது கனடாக்காரர்களின் டிரிகர்டெக் பிரைமரி. அதில் டிரிகருக்கும் சியருக்கும் நடுவே ஒரு சின்ன உருளை இருக்கிறது. எஃகு எஃகின் மேல் உரசி வழுக்குவதற்குப் பதிலாக உருண்டு விடுகிறது. அதனால் நகர்வே தெரியாது. எடையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே ஒரு ஸ்க்ரூ, ஒன்றரையிலிருந்து நாலு பவுண்டு வரை. தொடும் அளவைக் குறைக்கும் ஸ்க்ரூ அதில் கிடையவே கிடையாது. உன் அப்பா அன்று கை வைத்தானே, அந்த ஸ்க்ரூ. எனக்கு அது ஒன்றே போதும்.

பொருத்துவது கஷ்டமில்லை, இரண்டு பின்தான். ஆனால் முதல் தடவை துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடு. வந்ததும் நீயே சோதித்துப் பார். தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துக்கொள். போல்ட்டை வேண்டுமென்றே முப்பது தடவை அறைந்து மூடு. சேஃப்டியைப் போட்டு டிரிகரை நன்றாக இழுத்து, விரலை எடுத்துவிட்டு, பிறகு சேஃப்டியை விலக்கு. அடிக்கட்டையை ரப்பர் பாயில் தட்டிப் பார். ஒரு தடவைகூட ஃபயரிங் பின் விழக் கூடாது. விழுந்தால் அன்றே திருப்பி அனுப்பு.

உள்ளே எண்ணெய் விடாதே. உங்கள் ஊர்ப் பனியில் எண்ணெய் கெட்டியாகிவிடும், தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். லைட்டர் திரவத்தால் அலசிக் காயவிட்டால் போதும். தண்ணீர் புகுந்து உறைந்தால் எந்த டிரிகரும் வேலை செய்யாது என்பதால், பனியில் நனைந்த ரைஃபிளைச் சூடான வண்டிக்குள் வைத்துவிட்டு மறுபடி வெளியே எடுக்காதே. அப்புறம், குளிர்காலத்தில் கையுறையோடு ஓநாய் போன்ற கயோட்டியைச் சுடப் போவதாக இருந்தால் மூன்று பவுண்டுக்கு ஏற்றிக்கொள்.

அந்தப் பண்ணைக்காரரிடம் ஒன்று கேட்டுக்கொள். உங்கள் சவுத் டகோட்டாவில் கொனாட்டா பேசின் பக்கம் கீரி மாதிரி இருக்கும் கருங்கால் ஃபெரட்டுகள் வாழ்கின்றன. பூண்டோடு போய்விட்டது என்று நினைத்த பிராணி, 1981-ல் வயோமிங்கில் மறுபடி கிடைத்தது. பிரெய்ரி டாக்கைத் தின்றுதான் அது பிழைக்கிறது. அவர் நிலம் அதற்கு அருகில் இருந்தால் அங்கே சுட வேண்டாம்.

என்னுடைய பழைய ஸ்பிரிங் தராசைத் துணியில் சுற்றிப் பார்சலில் போட்டிருக்கிறேன், புதன்கிழமை வந்துவிடும். கொக்கியை டிரிகரின் நடுவில் மாட்டிப் பத்துத் தடவை இழுத்து, பத்து எண்ணையும் எழுதி அனுப்பு. சராசரி மட்டும் போதாது, பத்தும் வேண்டும். ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று நான் பார்க்க வேண்டும். பார்சலில் அம்மா கொஞ்சம் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறாள். ரைஃபிளுக்காக இல்லை, உனக்காக என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா