சிலைக்குப் பின்னால் சூரியன் மறையாது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரு படம் போட்டிருந்தீர்கள். முன்னால் கரைப் பாறைகள், எதிரே திருவள்ளுவர் சிலை, பக்கத்தில் விவேகானந்தர் மண்டபம், பின்னால் சிலையளவு பெரிதாகச் செக்கச்செவேல் என்று ஒரு சூரியன். கீழே ‘கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம்’ என்று எழுதியிருந்தது. படம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படியொரு அஸ்தமனம் எங்கள் ஊர்ப்பக்கம் நடப்பதில்லை.

நான் நாகர்கோவில்காரன். பிழைப்பு வேறு, லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிற ஆள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் திசை. கரையில் நின்று பார்த்தால் பாறையும் சிலையும் கிழக்குப் பக்கம் இருக்கின்றன. அங்கே வருவது காலைச் சூரியன். மார்கழி, தையில் சூரியன் தெற்கே தள்ளி உதிப்பதால் படகுத்துறைப் பக்கம் நின்றால் மண்டபத்தையும் சிலையையும் ஒட்டியே எழும்பும். சபரிமலை சீசன் கூட்டமும் அப்போதுதான் என்பதால் ட்ரைபாட் ஊன்றக்கூட இடம் கிடைக்காது. சாயங்காலம் அதே பக்கம் வட்டமாக எதையாவது பார்த்தீர்கள் என்றால் அது பௌர்ணமி நிலவு. சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதுவதே மேற்கே சூரியன் இறங்கும் நேரத்தில் கிழக்கே நிலவு ஏறுவதைப் பார்க்கத்தானே.

சரி, காலைப் படத்துக்குத் தவறுதலாக மாலை என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள் என்று விட்டுவிடலாம் என்றால், அளவும் இடிக்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் அதில் பாதிக்குள் சூரியன் மறைந்துவிடும். சிலையோ பீடத்தோடு சேர்த்து 133 அடி. படகுத்துறைப் பக்கமிருந்து அது சுமார் அரை கிலோமீட்டர். அங்கிருந்து பார்த்தால் சிலை, சூரியனைப்போல எட்டு ஒன்பது மடங்கு உயரம் தெரிய வேண்டும். எவ்வளவு பெரிய ஜூம் லென்ஸ் போட்டாலும் இரண்டும் சேர்ந்துதான் பெரிதாகுமே தவிர, விகிதம் மாறாது. சூரியனும் சிலையும் சம உயரமாகத் தெரிய நாலு கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்க வேண்டும். அஸ்தமனமும் வேண்டுமென்றால் அந்த நாலு கிலோமீட்டரைக் கிழக்கே கடலுக்குள் போக வேண்டும். மீன்பிடிப் படகில் போய் ஆடாமல் எடுத்தேன் என்று யாராவது சொன்னால் கைகுலுக்கத் தயார். ஆனால் உங்கள் படத்தில் முன்னால் பாசிமணி விற்பவரின் தட்டு தெரிகிறதே!

கணினியில் ஒட்டினார்களோ, ஏஐ போட்டுக் கொடுத்ததோ, எனக்குத் தெரியாது. இதனால் என்ன என்று கேட்கலாம். இந்த மாதிரிப் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு மாலையில் படகுத்துறையில் வந்து நிற்கிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சூரியன் எங்கே என்று கேட்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்று காட்டினால் முகம் வாடிவிடும். அப்புறம் பக்கத்திலிருக்கிற கோவளம் (கேரளத்துக் கோவளம் அல்ல) போக ஆட்டோ பேசி, அங்கே போய் இறங்குவதற்குள் பாதி பேருக்கு எல்லாம் முடிந்திருக்கும். கடலைத் தொட்ட பிறகு சூரியன் முழுசாக மறைய இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்.

இங்கே அஸ்தமனத்துக்கு மாதக் கணக்கும் உண்டு. ஐப்பசியிலிருந்து மாசிவரை முனையில் நின்றாலே கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே ஒதுங்கிக் கரைப்பக்கம் போய்விடும். போதாததற்கு மழை மேகம் வேறு. அந்த மாதங்களில் முட்டம் பக்கம் போவது நல்லது. சொத்தவிளை, சங்குத்துறைக் கடற்கரைகளிலும் படம் எடுக்க வசதிதான். எந்த மாதம் போனாலும் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேயே சூரியன் மூட்டத்தில் காணாமல் போகிற நாள்கள் நிறைய. உப்புக் காற்று லென்ஸில் மெல்லப் படிந்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பியதும் படம் முழுக்க வெளுத்துப்போகும். பனியன் துணியால் துடைத்தால் இன்னும் மோசம். செல்போன்காரர்களுக்குச் சூரியன் வெறும் வெள்ளைப் பொட்டாக வரும். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால்தான் நிறம் கிடைக்கும், ஆனால் முன்னால் நிற்கிற நம் வீட்டு ஆட்கள் கறுப்பு உருவமாகிவிடுவார்கள். சூரியன் போனதும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். மேகம் இருக்கும் நாளில் அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் வானம் போடுகிற நிறத்தைப் பார்க்க ஆளிருக்காது. இதையெல்லாம் எழுதியிருந்தால் அந்தக் கட்டுரை நாலு பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

இனி சுற்றுலாப் படங்களுக்குக் கீழே எடுத்த இடத்தையும் மாதத்தையும் போடுங்கள். ஒட்டி உருவாக்கிய படமென்றால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்; யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இத்துடன் என் படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். சொத்தவிளையில் தை மாதம் எடுத்தது. சூரியன் சின்னதாக, பாதி மூட்டத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது. இடமிருந்தால் போடுங்கள், நாயை வெட்டாமல்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
நாகர்கோவில்