கிரடாக்கைப் பற்றி நீ எழுதிய ஒரு வரி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததும், தங்கச்சி முட்டுவலி குறைந்து கோயில்வரை நடந்து போய்வருவதும் படிக்க நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி பெண் பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம், முதல் உலகப் போரில் சிலிக் கடலோரம் தோற்று இறந்த பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் கிரடாக். “தோற்பது தெரிந்தே 1,600 பேரைக் கடலில் கொண்டுபோய்த் தள்ளிய ஆள்” என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாய். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

யார்க்‌ஷயர்க்காரர். 1875ல், 12 வயதில் பிரிட்டானியா பயிற்சிக் கப்பலில் ஏறியவர், கடைசிவரை கடல்தான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. 1900ல் சீனாவில் டாகு கோட்டைகளைப் பிடித்தபோது பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு முன்னால் நின்று நடத்திப் போனார். 1911 டிசம்பரில், டெல்லியில் தர்பார் நடந்த அதே வாரம், ‘டெல்லி’ என்றே பெயர் கொண்ட பயணிகள் கப்பல் மொராக்கோ கரையோரம் புயலில் தரை தட்டியது. அதில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தங்கையும் குடும்பமும் இருந்தார்கள். அந்த மீட்புப் பணிக்காகத்தான் இவருக்கு சர் பட்டம். ஆபத்து என்றால் பின்வாங்காதவர் என்ற பெயர் அதற்கு முன்பே இருந்தது.

1914 இலையுதிர்காலத்தில் அவர் ரியர் அட்மிரல், தென் அமெரிக்கக் கடல் அவர் பொறுப்பு. எதிரே வருவது வான் ஸ்பீயின் ஜெர்மன் படை. நம் சென்னையைச் செப்டம்பர் 22 இரவில் சுட்டுவிட்டுப் போன எம்டன் இந்தப் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல்தான். ஸ்பீயிடம் ஷார்ன்ஹார்ஸ்ட், நைசெனவ் என்று இரண்டு கவசக் கப்பல்கள், கப்பலுக்கு எட்டு 8.2 அங்குலப் பீரங்கிகள், நன்றாகப் பயிற்சி பெற்ற மாலுமிகள். கிரடாக்கின் தலைமைக் கப்பலான குட் ஹோப்பில் பெரிய பீரங்கி இரண்டே இரண்டு. மற்றவற்றில் பல, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்துத் தளத்தில் இருந்தன. அலை எழும்பினால் அந்தப் பீரங்கி ஜன்னல்களைத் திறக்கவே முடியாது. ஆட்களில் பெரும்பாலோர் போர் வந்ததும் ஊரிலிருந்து திரும்பக் கூப்பிடப்பட்டவர்கள்.

இவர் டிஃபென்ஸ் என்ற நல்ல கவசக் கப்பலைக் கேட்டார். லண்டன் கடற்படைத் தலைமையில் அனுப்புவதாக முதலில் சொன்னார்கள், பிறகு ரத்து செய்தார்கள், ரத்து செய்ததை இவருக்குச் சொல்லவில்லை! பதிலுக்குக் கொடுத்தது கனோபஸ் என்ற பழைய போர்க்கப்பல். அதன் தலைமை எஞ்சினியர் மனநிலை சரியில்லாமல், 12 நாட் வேகத்துக்கு மேல் போகாது என்று சொல்லிவிட்டார். உண்மையில் 16 போகும். அது வெளியே தெரிந்தபோது கிரடாக் முன்னால் போய்விட்டார். அவர் காதுக்கு அது எட்டவே இல்லை.

தந்தி ஆபீஸில் வாழ்க்கையைக் கழித்த நமக்கு இது புரிய வேண்டும், சண்முகம். லண்டனிலிருந்து வரும் செய்தி சுற்றிச்சுற்றி நாள் கணக்கில் தாமதமாக வருகிறது. ஒன்றில் எதிரியைத் தேடு என்கிறார்கள், இன்னொன்றில் கனோபஸை விட்டுப் பிரியாதே என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. தென் அமெரிக்காவின் கிழக்கே டிஃபென்ஸை ஒதுக்கிவிட்டு, மேற்கே இருப்பதை வைத்துச் சமாளி என்ற பொருளில் வந்ததைத்தான் அவர் கடைசியாகக் கையில் பிடித்திருந்தார். டிஃபென்ஸ் வருகிறது, கனோபஸோடு சேர்ந்தே இரு என்று தெளிவாக ஒரு தந்தி புறப்பட்டது நவம்பர் 3ல். போர் 1ஆம் தேதியே முடிந்துவிட்டது.

இன்னொன்று, ட்ரூபிரிட்ஜ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் அட்மிரல். ஆகஸ்டில் மத்தியதரைக்கடலில் கோபென் என்ற ஜெர்மன் கப்பல் தன்னைவிடப் பலமானது என்று தாக்காமல் விட்டுவிட்டவர். அதற்காக அவரை விசாரணைக்கு இழுத்தார்கள். அந்த கதி தனக்கு வரக்கூடாது என்று கிரடாக், தென் அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளின் கவர்னரிடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். தான் இறந்தால் மட்டும் அனுப்பச் சொன்னார். வீம்பு பிடித்தவன் இப்படிச் செய்வானா? தன் தரப்பைச் சொல்ல உயிரோடு இருக்கமாட்டோம் என்று தெரிந்தவன் செய்கிற வேலை அது. ட்ரூபிரிட்ஜின் ராணுவ விசாரணை நவம்பர் 5ல் தொடங்கியது, குற்றமற்றவர் என்று விடுதலையும் ஆனார். கிரடாக் செத்து நாலு நாள் ஆகியிருந்தது.

சண்டையையே பார். சிலியின் கொரோனல் பக்கம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜெர்மன்காரர்கள் லைப்சிக் என்ற கப்பல் ஒன்றை மட்டும் வயர்லெஸ்ஸில் பேசவிட்டார்கள், இவர் ஒற்றைக் கப்பலைத் தேடித்தான் போனார். அங்கே ஸ்பீயே நின்றார். கனோபஸ் 250 மைல் பின்னால். இவருக்கு ஒரே ஒரு அனுகூலம்: சூரியன் இவர் முதுகுக்குப் பின்னால், எதிரி கண்ணில் படும்படி இருந்தது. அதை வைத்து உடனே நெருங்கப் பார்த்தார். ஸ்பீ விலகி விலகிப் போய்ச் சூரியன் விழும்வரை காத்திருந்தார். விழுந்ததும் எல்லாம் மாறிவிட்டது. செவ்வானத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் கறுப்பாகத் தெரிந்தன, ஜெர்மன் கப்பல்கள் கரையிருட்டில் மறைந்தன. ஏழு மணிக்குச் சூடு தொடங்கியது. எட்டுக்குள் குட் ஹோப் வெடித்துச் சிதறியது, ஒன்பதுக்கு மேல் இவருடைய இன்னொரு கப்பலான மான்மத் மூழ்கியது. இரண்டிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஜெர்மன் பக்கம் காயம்பட்டவர் மூன்று பேர்.

கனோபஸ் வரும்வரை காத்திருந்திருக்கலாம், அன்று மாலை தெற்கே திரும்பியிருக்கலாம் என்பாய். திரும்பியிருக்கலாம்தான், அது அவர் தவறு என்றே வைத்துக்கொள். ஆனால் ஸ்பீ தன் பெரிய பீரங்கிக் குண்டுகளில் கிட்டத்தட்டப் பாதியை அங்கே செலவழித்துவிட்டார், புதிதாக நிரப்ப அந்தக் கடலில் அவருக்கு இடமே கிடையாது. டிசம்பர் 8ல் ஃபாக்லாந்தில் அவரும் இரண்டு மகன்களும் மூழ்கினார்கள். அந்தப் படையை முடிக்க பிரிட்டனிலிருந்து பேட்டில்குரூசர் என்ற வகையில் வேகமான இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் வந்தன. நவம்பரில் கிடைத்த கப்பல் அக்டோபரில் ஏன் கிடைக்கவில்லை? அந்த 1,600 பேருக்கும் கணக்குக் கேட்பதென்றால் முதலில் லண்டனில் மேஜையில் உட்கார்ந்து உத்தரவு போட்டவர்களிடம் கேட்பேன்.

தை பிறந்ததும் தங்கச்சியோடு வருகிறாய்தானே? கிரடாக்குக்காக நான் வாதாடத் தயார், நீ ட்ரூபிரிட்ஜ் பக்கம் பேசு. வரும் தேதியை முன்கூட்டியே எழுது, சின்னவனை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்