உலர்களத்தில் ஹைட்ரஜன்

கோயம்புத்தூர்

அன்புள்ள சின்னசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியாமற்போனதற்கு என்மேல் வருத்தம் வேண்டாம். முழங்கால் இப்போது தேவலை. காங்கேயத்தில் நீ கொப்பரை காயவைக்கும் உலர்களத்தின் ஒரு மூலையில், ஒளி பட்டால் நீரைப் பிரிக்கும் பொடி பூசிய ஒளிவினையூக்கிப் பலகைகளை விரித்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய்.

கொப்பரைக்கு வேண்டியது சூடு. வினையூக்கிக்கு வேண்டியது குறிப்பிட்ட அலைநீள ஒளி. 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரிக்கலாம் என எழுதினார்கள். ஆனால் பெயின்டில் கலக்கும் அந்த வெள்ளைப் பொடி புற ஊதாக் கதிரையே ஏற்கும். வெயிலின் ஆற்றலில் அதன் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏற்கும் காட்மியம் சல்பைடோ, வேலை செய்யும்போதே தானும் அரிக்கப்பட்டுக் கரைகிறது.

ஒளி பட்டதும் பொடிக்குள் பிரியும் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் நீரைத் தொடுமுன் மீண்டும் சேர்ந்துவிடுவதுதான் பெருந்தொல்லை. 2020இல் ஜப்பானின் டோமென் என்ற வேதியியலாளரின் குழுவினர் அலுமினியம் சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகத்தின் ஒரு வகை முகங்களில் ரோடியம், குரோமியம் ஆக்சைடையும், வேறு முகங்களில் கோபால்ட் சேர்மத்தையும் படியவைத்து, எலக்ட்ரானையும் துளையையும் வெவ்வேறு பக்கம் போக வைத்தார்கள். புற ஊதா ஒளியில் 96 விழுக்காடு வரை குவாண்டம் திறன் கிடைத்தது, அதாவது விழுந்த நூறு ஒளித்துகள்களில் 96 வரை வேலைக்குப் பயன்பட்டன. எனக்கு இதைவிட அழகான வேதியியல் அண்மையில் கண்ணில் படவில்லை.

அழகு வேறு, வரவு செலவு வேறு. அதே வகைப் பொடியைப் பூசி 100 சதுர மீட்டருக்கு விரித்தபோது, வெயிலின் ஆற்றலில் அதிகபட்சம் 0.76 விழுக்காடே ஹைட்ரஜனாக மாறியது. நம் பக்கத்து வெயில் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோவாட் மணி என்று வைத்துக்கொண்டால், அந்தப் பரப்பில் ஒரு நாளில் கிடைக்கும் ஹைட்ரஜன் 100 கிராமைச் சற்றே தாண்டும். அதே இடத்தில் சோலார் பலகை போட்டு, வந்த மின்சாரத்தால் நீரைப் பகுத்தால் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். இதற்கு மேல், பொடியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வெளிவரும். கொப்பரையும் தேங்காய்த் தொட்டியும் குவிந்து, ஆட்கள் பீடி பற்றவைக்கும் களத்தில் அது வெடிமருந்துக்குச் சமம். பொடி மலிவு என்பது உண்மை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நிலைத்து உழைக்கும் பொருள் ஒன்று அமைந்தால் கணக்கு மாறும். அதுவரை உன் களத்தில் கொப்பரையே காயட்டும்.

உன் மருமகன் கல்லூரிக் கண்காட்சியில் கண்ட குமிழ்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துளைகளுக்கு இரையாக மெத்தனால் கலந்தால் ஹைட்ரஜன் நன்றாகவே கொப்பளிக்கும். ஆனால் அங்கே செலவாவது மெத்தனால். அது முதலைத் தின்று லாபம் காட்டும் வியாபாரம், நீர் முழுதாகப் பிரிந்ததற்குச் சான்றாகாது. ஹைட்ரஜனில் பாதியளவு ஆக்சிஜனும் உடன் வந்ததா என்று அவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
நாச்சிமுத்து